லண்டன் மாப்பிள்ளைக்கு ஒரு ராப்

வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், மாடி வீட்டில் நாங்கள் இருந்தோம். அம்மாவின் தங்கையான சித்தியும் எங்களோடுதான் இருந்தாள். காலையில் பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போய்ச் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பாள். சனிக்கிழமைகளில் எனக்காகக் கோழி ராப் செய்வாள். யூடியூபைப் பார்த்துப் பழகியது. கோதுமை மாவில் இளஞ்சூட்டுத் தண்ணீரும் எண்ணெயும் விட்டுக் குழைத்து, ஈரத் துணியால் மூடி வைத்து, பிறகு கை தெரிகிற அளவுக்கு மெல்லிசாக உருட்டித் தோசைக்கல்லில் சுட்டு, உள்ளே கோழியை வைத்துச் சுருட்டுவாள். டோர்ட்டியா என்று அவள் சொன்னதை அப்பா கடைசிவரை ரொட்டி என்றே சொன்னார். ஆனால் சாப்பிடுவதில் அவர்தான் முதல் ஆள்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது லண்டனிலிருந்து ஒரு மாப்பிள்ளை சித்தியைப் பார்க்க வந்தார். கேசரி, வடை எல்லாம் வேண்டாம் என்று அம்மா முடிவெடுத்துவிட்டாள்.

"அங்க இருக்கிறவருக்கு உன்ர ராப்பைச் செய்து குடு. கெட்டிக்காரி எண்டு விளங்கட்டும்."

சித்தி அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. அந்த மாதம் முழுக்க, கலியாணப் பேச்சை எடுத்தபோதெல்லாம் அவள், "யோசிச்சுச் சொல்லுறன் அக்கா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

அன்று பின்னேரம் சித்தி சமையலறையில் கோழியையும் சீவிய கோவா இலையையும் வைத்து ராப் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். கடைசி ராப்புக்கு மட்டும் ஒரு பிடி கொச்சிக்காயை விதையோடு அரிந்து போட்டாள். மேலே சோஸை ஊற்றி இறுக்கிச் சுற்றி, தனித் தட்டில் வைத்தாள்.

"இது அவருக்கு மட்டும், குஞ்சு. மாறிப் போகக் கூடாது."

"ஏன் சித்தி இவ்வளவு உறைப்பு?"

"அவருக்குப் பிடிக்குமோ எண்டு பாப்பம்."

மாப்பிள்ளைக்கென்றே தனியாகச் செய்ததை என் கையில் தந்ததில் எனக்குப் பெருமை பிடிபடவில்லை. தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு எதிரிலேயே நின்றேன். முதல் கடியில் அவருடைய காதுகள் சிவந்தன. இரண்டாவது கடியில் கண்கள் கலங்கின. அவர் சமையலறைத் திரைச்சீலையை ஒருமுறை பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடத் தொடங்கினார்.

"உறைக்குதோ தம்பி?" என்று அவருடைய தாயார் கேட்டார்.

"இல்லையம்மா. நல்லா இருக்கு."

முழுவதையும் சாப்பிட்டு முடித்தார். என்னிடம் மெதுவாகத் தண்ணீர் கேட்டார். தாயார் முகம் மலர்ந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ர பிள்ளை இப்பிடி ஆசைப்பட்டுச் சாப்பிட்டு நான் கண்டதில்லை. இனி என்ன கதைக்கக் கிடக்கு?"

தண்ணீர் எடுக்க நான் உள்ளே ஓடினேன். சித்தி கதவோரம் நின்றாள்.

"சாப்பிட்டவரோ?"

"ஓம் சித்தி, ஒரு துண்டும் மிச்சமில்லை!"

நற்செய்தி சொல்வதாக நினைத்துத்தான் சத்தமாகச் சொன்னேன். சித்தி திரும்பிப் போய்க் கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவத் தொடங்கினாள்.

கலியாணம் நடந்தது, அவள் லண்டனுக்குப் போனாள். மனிதர் நல்லவர். அன்றைக்கு அந்த உறைப்பைச் சகித்ததுபோலத்தான் அவளோடும் இருந்தார் போலும். ஒரு குறையும் சொல்லாமல், ஒன்றும் கேட்காமல். சித்தியும் அப்படியே. போனில் குளிரைப் பற்றி மட்டும் கதைப்பாள். ஒருநாள் போனை வைத்த பிறகு அம்மா, "அவளை ஒருக்கால் இருத்திக் கேட்டிருக்கலாம்" என்று தானாகவே சொன்னாள்.

ஆனால் எனக்கு அடிக்கடி நினைவு வருவது மாப்பிள்ளை வீட்டார் வந்து போனதற்கு அடுத்த சனிக்கிழமைதான். வழக்கம்போல ராப் கேட்டேன்.

"மா முடிஞ்சுது, குஞ்சு" என்றாள் சித்தி.

நான் கதிரையில் ஏறித் அலுமாரித் தட்டிலிருந்த மா டின்னைத் திறந்து பார்த்தேன். மா விளிம்புவரை இருந்தது. எனக்குக் கோபம் பொங்கியது. கலியாணம் சரிவந்தவுடன் என்னை மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். நேரே அம்மாவிடம் ஓடிப்போய், சித்தி பொய் சொல்கிறாள் என்று கோள் மூட்டினேன். அம்மா வந்து டின்னைப் பார்த்தாள். பிறகு சித்தியின் முகத்தைப் பார்த்தாள். டின்னை மூடி, என் கைக்கு எட்டாத மேல்தட்டில் வைத்தாள். சித்திக்கு ஏச்சு விழவில்லையே என்று நான் அன்று முழுக்க அழுதேன்.