பூட்டுப் படத்துக்குப் பொறுப்பானவள்

நோயாளியைப் பார்த்துக்கொள்ளப் போகிறவளுக்கு நோயைவிட வீடுதான் அதிகம் தெரிந்துவிடும். பக்கவாதத்தில் இடது கையும் காலும் விழுந்த ஒரு மாமியாருக்காக நான் போன வீட்டில் இரண்டு மருமகள்கள். நான் சொல்ல வந்தது பெரியவளைப் பற்றி. நாற்பதைத் தாண்டியவள், நெட்டை, கழற்றிய செருப்பைக்கூட ஜோடி பிசகாமல் வைப்பவள். வயிற்றெரிச்சலை வியாதியில் சேர்த்தால் அந்த வீட்டில் எனக்கு இரண்டு நோயாளிகள்.

அவள் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். போனில் வங்கியின் பக்கத்தைத் திறந்தால் மேலே சின்னதாக ஒரு பூட்டுப் படம் தெரியும். இது அந்த வங்கியின் பக்கம்தான் என்று ஏதோ ஒரு கம்பெனி சான்றிதழ் கொடுத்திருக்கிறது என்று அதற்கு அர்த்தம். அப்படி ஒரு கம்பெனியில் பெரியவள் சரிபார்ப்பவள். விண்ணப்பம் வந்ததும், கேட்கிற ஆள் உண்மையிலேயே அந்த நிறுவனத்து ஆள்தானா என்று போன் போட்டு விசாரிப்பாள். அதில் ஒரு கறாரான விதி உண்டு. விண்ணப்பத்தில் அவர்களே எழுதிக் கொடுத்த நம்பருக்குப் போடக் கூடாது. நாமாக வெளியே தேடி எடுத்த நம்பருக்குத்தான் போட வேண்டும். திருடனையே கூப்பிட்டு நீ யோக்கியனா என்று கேட்டால் வேறென்ன சொல்வான்?

"அண்ணிகிட்ட கதவைத் தட்டினா நான்தான்னு சொன்னா போதாது, பக்கத்து வீட்டுல விசாரிச்சுட்டுத்தான் திறப்பாங்க" என்று கொழுந்தன் கேலி செய்வான்.

"திறக்கிறதே பெருசு" என்பாள் அவள்.

கொழுந்தன் பெண்டாட்டிதான் சின்னவள். இணையத்தைப் பார்க்கும் பிரவுசரைச் செய்கிற கம்பெனியில் வேலை. எந்தச் சான்றிதழ் கம்பெனியை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று முடிவு செய்கிற நாலைந்து பேரில் அவளும் ஒருத்தி. அவர்கள் ஒரு கம்பெனியைத் தள்ளிவைத்தால் அது கொடுத்த சான்றிதழை அந்த பிரவுசர் மதிக்காது. பக்கத்தைத் திறப்பவர்களுக்குச் சிவப்பாக எச்சரிக்கை வரும். அப்புறம் அந்தக் கம்பெனி கடையைக் கட்ட வேண்டியதுதான்.

பெரியவளுக்கு ஆறாத இடம் அதுதான். மாமியாரை நாங்கள் இருவரும் சேர்ந்து புரட்டிப் படுக்க வைக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வாள்: "நான் ஊருக்கெல்லாம் சர்டிபிகேட் கொடுக்கறேன் நர்ஸம்மா. எனக்கு சர்டிபிகேட் கொடுக்கறவ நேத்து வந்தவ. நம்ம சோபாவுல காலாட்டிட்டு உக்காந்திருக்கா."

"தலையணையை முதுகுக்குக் கொடும்மா" என்பேன். வேலை நடக்க வேண்டுமே.

மாமியார் எதற்கும் "சின்னவளே" என்றுதான் கூப்பிடுவார். படுக்கையைச் சுத்தம் செய்வது பெரியவள், கூப்பிடுவது சின்னவளை. ஒருநாள் காலையில், பெரியவள் அவர் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே, தன் வங்கிக் கணக்கின் ரகசிய எண்ணைச் சின்னவளைக் கூப்பிட்டுக் காதில் சொன்னார். பெரியவள் எண்ணெய்க் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வீட்டிலிருந்தேதான் வேலை. உள்ளே போனில் வெடுக்கு வெடுக்கென்று பேசுவது எனக்குக் கேட்டது.

பழிவாங்க அவளிடம் ஒரு வழி இருந்தது. எந்தக் கம்பெனி யாருக்குச் சான்றிதழ் கொடுத்தாலும் அது எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் பதிவாகிவிடும். ஓய்வு கிடைத்தால் அதைத் துழாவி, சின்னவளின் கூட்டம் நம்பி வைத்திருக்கும் போட்டிக் கம்பெனிகளில் குற்றம் கண்டுபிடிப்பாள். சாப்பாட்டு மேஜையில் அதைப் பரிமாறுவாள்.

"உங்க ஆளுங்க தலையில தூக்கி வெச்சு ஆடற கம்பெனி இருக்கே, தேதியைக்கூடத் தப்பா போட்டிருக்கு."

"அட, நாங்க பாக்கலையே அக்கா. பொதுவுல, எல்லாரும் பாக்கற மாதிரி எழுதுங்க. உங்களுக்கு நல்ல கண்ணு."

சண்டை போட்டிருந்தால் பெரியவளுக்கு அன்று தூக்கம் வந்திருக்கும்.

ரகசிய எண் விவகாரம் நடந்த அடுத்த வாரம், அப்படித் துழாவிக்கொண்டிருந்தவள் திடீரென்று வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் மாமியாரின் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தேன். அவர் தூங்கிப்போயிருந்தார். அவள் முகத்தில் ரத்தமில்லை. ரத்த அழுத்தம் பார்க்கட்டுமா என்று கேட்டேன்.

"அது வேண்டாம். ஒரு பெரிய மருந்துக்கடைக்கு போட்டிக்காரன்தான் எப்பவும் சர்டிபிகேட் கொடுக்கறான். அதுல ஓட்டை தேடினேன். அதே கடை பேர்ல, வேற இணைய விலாசத்துக்கு, எங்க கம்பெனியும் ஒண்ணு கொடுத்திருக்கு."

"யார் கொடுத்தது?"

"நான்தான். அன்னைக்கு அத்தை அவ காதுல சொன்னாங்கல்ல, அன்னைக்கு. விண்ணப்பத்துல இருந்த நம்பருக்கே போட்டுட்டேன். எடுத்தவன், ஆமாம்மா நாங்கதான்னான். இப்போ நிஜக் கடைக்குப் போட்டுக் கேட்டா, உங்ககிட்ட நாங்க எதுவுமே கேக்கலையேங்கறாங்க."

போலிக் கடை, நிஜப் பூட்டு. மருந்து கேட்டுப் பணம் கட்டுகிறவன் மாட்டிக்கொள்வான். அதை உடனே ரத்து செய்ய வேண்டும், என்ன நடந்தது என்று பொதுவில் எழுதவும் வேண்டும். அதுதான் அந்தத் தொழிலின் விதி. ஆனால் அவர்கள் கம்பெனி ஏற்கெனவே ஒருமுறை சறுக்கி எச்சரிக்கை வாங்கியிருந்தது. இன்னொன்று வெளியே தெரிந்தால் தள்ளிவைக்கவும் கூடும். அவள் வேலை மட்டுமல்ல, மொத்தக் கம்பெனியும் போய்விடும்.

மேலாளரைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"ரத்து பண்ணுங்க. வாடிக்கையாளரே வேண்டாம்னு சொன்னதா போட்டுடுங்க. எழுதறதெல்லாம் வேண்டாம். யாருக்குத் தெரியப்போகுது?"

ரத்து செய்துவிட்டாள். அது முடிந்தபின் கையைப் பிசைந்துகொண்டு நடையாய் நடந்தாள்.

"ஒண்ணும் எழுதாம விட்டா யாரும்மா பார்ப்பாங்க?" என்று கேட்டேன்.

"யார் பார்ப்பாங்களா? நான் எப்படிப் பார்த்தேன்? அதே மாதிரி அவ பார்ப்பா. பார்த்துட்டு, அதே மூஞ்சியை வெச்சுக்கிட்டு, 'பரவாயில்லக்கா, மனுஷங்கதானே'ம்பா. நான் உயிரோட இருக்க மாட்டேன். அவ கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிட்டா அவளால என்ன கிழிக்க முடியும்?"

நேர்மை என்ற சொல் அவள் வாயில் வரவேயில்லை. உட்கார்ந்து முழுக்க எழுதினாள். எந்த நம்பருக்குப் போட்டேன், எந்த நம்பருக்குப் போட்டிருக்க வேண்டும், இனி எப்படித் தடுப்பது என்று எல்லாம் எழுதினாள். ஏன் அப்படிப் போட்டேன் என்பதற்கு மட்டும் "கவனக்குறைவு" என்று எழுதினாள். அதற்கு மேல் உலகத்துக்குத் தேவையில்லை. மேலாளரைக் கேட்காமலே பொதுவில் போட்டுவிட்டாள். அந்த ஆள் போனில் கத்தியதில் மாமியாரே விழித்துக்கொண்டார்.

மாலையில் சின்னவள் வந்து நேராகச் சொன்னாள்: "அக்கா, படிச்சேன். இதைப் பத்தி நாம வீட்டுல பேச வேண்டாம். சொந்தக்காரங்க விஷயம்னு நான் இந்த முடிவுலயிருந்து விலகிட்டேன்."

அவள் உள்ளே போனதும் பெரியவள் என் பக்கம் திரும்பினாள். "விலகிட்டாளாம். நீதிபதி!" அதற்கும் ஒரு பொறாமை. விலகுகிற உயரம்கூட தனக்கு வாய்க்கவில்லையே என்று.

முடிவு வரும்வரை அவள் சரியாகச் சாப்பிடவில்லை. கஞ்சியாவது குடி, நீ விழுந்தால் தூக்க எனக்கு இடுப்பில் பலமில்லை என்று அதட்டிக் குடிக்க வைத்தேன். கடைசியில் பிரவுசர்காரர்கள் தள்ளிவைக்கவில்லை. ஒளிக்காமல் தானே சொன்னதால் கம்பெனியை ஒரு வருடம் கண்காணிப்பில் வைத்தார்கள். இன்னொரு தப்பு நடந்தால் அவ்வளவுதான். மேலாளர் கோபத்தில் அவளைப் போன் விசாரிக்கும் வேலையிலிருந்து எடுத்துவிட்டு, மற்றவர்கள் விசாரித்ததைத் திரும்பச் சரிபார்க்கும் மேஜையில் போட்டார். தண்டனை என்று நினைத்துத்தான் போட்டார். குற்றம் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் என்றால் அவளுக்குக் கசக்குமா?

இந்தச் சான்றிதழ்களை யார் கொடுத்தால் நம்பலாம் என்று என்னைக் கேட்டால், நல்லவர்கள் கொடுத்தால் என்று சொல்ல மாட்டேன். கோபம் வந்த அன்றைக்கு நல்லவர்களும் தப்பான நம்பருக்குத்தான் போடுகிறார்கள். எதிரில் ஒருத்தி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று பயந்து வேலை செய்கிறவர்களை நம்பலாம்.

முடிவு வந்த அன்று சின்னவள் ஆபீஸிலிருந்து வர நேரமாயிற்று. நான் மாமியாருக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்தேன். பெரியவள் துண்டைப் பிழிந்து நீட்டியபடி, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "அவ உங்ககிட்ட ஏதாவது சொன்னாளா நர்ஸம்மா?"

"அவங்கதான் அந்தப் பேச்சுலயே இல்லையே."

"அது தெரியும். இருந்தாலும், நான் எழுதினதைப் பத்தி என்ன சொன்னா?"

"நல்லா எழுதியிருக்காங்கன்னு சொன்னாங்க."

துண்டை இன்னொரு முறை முறுக்கிப் பிழிந்தாள். அதில் தண்ணீரே இல்லை.

"சொல்லுவா, சொல்லுவா" என்றாள். "அவ யாரு எனக்கு மார்க் போட?"