முன்கூட்டியே கலந்த மருந்து

அறுவை அரங்கில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பம்ப்காரர் என்றால் போதும். டாக்டர்கள் நெஞ்சைத் திறந்து இதயத்தை நிறுத்தி வைத்திருக்கும் நேரமெல்லாம் அதன் வேலையை ஓர் இயந்திரம் பார்க்கும். அந்த இயந்திரத்தை அவர் பார்ப்பார். காற்றுக் குமிழி இருக்கிறதா என்று குழாய்களைத் தட்டித் தட்டிப் பார்த்தே பாதி ஆயுள் போய்விட்டது. வீட்டுத் தோட்டத்துக் குழாயைக்கூட விட்டுவைப்பதில்லை என்று மனைவி கிண்டல் செய்வாள்.

சலவைக்கடை அம்மாவை அவருக்கு முன்பே தெரியும். சில மாதங்களுக்கு முன் அவளுக்கு வால்வு மாற்றியபோதும் இயந்திரத்தில் இருந்தவர் இவர்தான். இப்போது அந்த வால்வில் கசிவு. மறுபடியும் திறக்க வேண்டும். அறுவைக்கு முந்தின நாள் வார்டுக்குப் போய்ப் பார்த்தார்.

"என் இதயத்தை நிறுத்திட்டு நீங்க டீ குடிக்கப் போயிடுவீங்களா?" என்றாள்.

"அது நின்னாத்தாம்மா எனக்கு வேலையே ஆரம்பம்."

பக்கத்தில் நின்ற அவள் கணவர் வாய்விட்டுச் சிரித்தார்.

ரத்தப்போக்கைக் குறைக்க அங்கே ஒரு மருந்து கொடுப்பார்கள். நல்ல மருந்துதான்; முதல் அறுவையிலும் அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். ஆனால் ஒருமுறை அதைக் கண்ட உடம்பு மறுமுறை காணும்போது சீறி எழலாம். அதனால் இரண்டாம் முறை வருபவர்களுக்கு, இயந்திரக் குழாய்களைப் பொருத்தத் தயாரான பிறகு, முதலில் சில சொட்டு மட்டும் ஏற்றிப் பார்க்க வேண்டும். அதுவரை இயந்திரத்தில் நிரப்பியிருக்கும் திரவத்தில் மருந்தைக் கலக்கவே கூடாது. சொட்டு மருந்திலேயே உடம்பு சரிந்தால், காப்பாற்றுவதற்கு இருப்பது அந்த இயந்திரம் ஒன்றுதான்; அதிலும் அதே மருந்து இருந்தால் ஓட விட முடியாது.

இதெல்லாம் பம்ப்காரருக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் பெரிய டாக்டர் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு நிற்கிற ஆள். "இன்னும் கலக்கலையா?" என்று எல்லார் முன்னாலும் கத்துவார். சொட்டு மருந்தில் இதுவரை யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. எனவே கொஞ்ச காலமாகக் காலையிலேயே கலந்து வைத்துவிடுவார். கூச்சலுக்குப் பயந்து செய்கிற காரியம் என்றைக்கு உருப்பட்டிருக்கிறது?

அன்றும் கலந்திருந்தார்.

சொட்டுகள் உள்ளே போன சற்று நேரத்தில் அவள் முகம் தடித்துச் சிவந்தது. ரத்த அழுத்தம் கிடுகிடுவென இறங்கியது. பெரிய டாக்டர் மளமளவென்று குழாய்களைப் பொருத்தினார்.

"ஓட விடுங்க!"

பம்ப்காரர் சுவிட்சிலிருந்து கையை எடுத்தார். "முடியாது டாக்டர். மருந்து உள்ள இருக்கு."

யாரும் கத்தவில்லை. அவர் எல்லாவற்றையும் கீழே கொட்டினார், கழுவினார், புதிதாக நிரப்பினார், காற்றை வெளியேற்றினார். கை என்னவோ வேகமாகத்தான் ஓடியது. ஆனாலும் அந்த நிமிடங்கள் அவளுடையவை. இயந்திரம் ஓடியது, இதயமும் ஒருவழியாகத் துடித்தது. அவள் மட்டும் கண் விழிக்கவே இல்லை. மறுநாள் மதியம் எல்லாம் முடிந்தது.

"மருந்து ஒத்துக்கல. உடனே ஓட விட்டிருந்தாலும் பிழைச்சிருப்பாங்கன்னு சொல்ல முடியாது," என்றார் பெரிய டாக்டர். பம்ப்காரரின் முகத்தைப் பார்த்து அவர் அதைச் சொல்லவில்லை.

பம்ப்காரரால் பொறுக்க முடியவில்லை. வெளியே நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்த கணவரிடம் போனார்.

"அண்ணே, தப்பு என்னோடது. மருந்தை நான் முன்னாடியே மெஷின்ல கலந்துட்டேன். கலக்காம இருந்திருந்தா உடனே ஓட விட்டிருக்கலாம்."

அந்த மனிதர் வெறித்துப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு இவர் கையைப் பிடித்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார்.

"எல்லாத்தையும் முன்னாடியே தயாரா வச்சிருக்கீங்க. அவளுக்குத்தான் கொடுத்து வைக்கல. நீங்க மனசை விட்டுடாதீங்க தம்பி."

இன்னொரு தடவை விளக்கிச் சொல்ல வேண்டும். பம்ப்காரருக்கு அதற்குத் துணிவு வரவில்லை. கையை உருவிக்கொள்ளவும் துணிவு வரவில்லை.