அனெற்றா அள்ளித் தின்ற காலை

எந்தக் கடலுக்கும் அஞ்சாத குருநகர் மீனவன் கிறகோரி அஞ்சியது, பச்சைக் குழந்தையாய் இருந்த மகள் அனெற்றாவின் மூக்குக் குழாயைத் தொடத்தான். அவளுக்குப் பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை. பால் குடிக்கத் தொடங்கியதுமே நெற்றி வியர்த்து, மூச்சு வாங்கி, களைத்து உறங்கிவிடுவாள். நிறை ஏறவேயில்லை. ஆகவே குழாய் வழியே பால். சிரிஞ்சை உயர்த்திப் பிடித்து, பால் தானாக இறங்கும்வரை அசையாமல் நிற்க அவனும் பழகினான்.

ஐந்தாம் மாதம் கொழும்பில் ஓட்டையை அடைக்கும் சத்திரசிகிச்சை நடந்தது. களைப்புப் போயிற்று, வாய்தான் திறக்கவில்லை. கரண்டியைக் கண்டாலே முகத்தைத் திருப்புவாள். பத்து மாதமாகியும் முதுகுக்குத் தலையணை இல்லாமல் நிமிர்ந்து இருக்க மாட்டாள், சரிந்துவிடுவாள்.

"வாயிலை தீத்தி வற்புறுத்தாதேங்கோ," என்றாள் கிளினிக்கில் பேச்சோடு விழுங்கவும் பழக்கும் பேச்சுச் சிகிச்சையாளர் கோபிகா. "நீங்கள் சாப்பிடேக்கை பக்கத்திலை இருத்துங்கோ. அளையட்டும், கொட்டட்டும்."

மூன்று கிழமை கிறகோரி மகளுக்கு முன்னால் சப்புக்கொட்டிச் சாப்பிட்டான். நிறை ஏறியது அவனுக்குத்தான்.

"உங்கடை சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு நாய்தான் வருது," என்று சிரித்தாள் மனைவி றொசாந்தி.

ஒரு காலை, கடலிலிருந்து வந்து, தேங்காய்ப்பால் சொதியில் பாண் துண்டைத் தோய்த்துக்கொண்டிருந்தவன் தண்ணீர்ச் செம்பை எடுக்கத் திரும்பினான். மறுபடி பார்த்தால் சொதிக் கோப்பைக்குள் ஒரு குட்டிக் கை! தலையணை பின்னால் கிடக்க, அனெற்றா தனியே நிமிர்ந்து இருந்தாள். சொதி வழியும் கையை வாய்க்குள் வைத்துச் சூப்பினாள். பிறகு இன்னொரு பிடி.

"றொசாந்தி, ஓடி வா! இல்லை, ஓடாதை, மெல்ல வா, பிள்ளை வெருண்டிடுவாள்!"

அடுப்படியிலிருந்து வந்த றொசாந்தி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், சிரித்தாள். கிறகோரிக்கோ நிலத்தில் கால் நிற்கவில்லை. மகளைத் தாயிடம் விட்டு, அவள் கை பூசிய சொதி மூக்கில் இருக்க இறங்குதுறைக்கு ஓடினான்.

"யாகோப்பண்ணை! தனியே இருந்திட்டாள்! சாப்பிட்டிட்டாள்!"

"ஆரடா?"

"என்ரை மோள்!"

தொழிலில் கூட்டாளியான யாகோப்பு அவனை அப்படியே தூக்கிச் சுழற்ற, இருவரும் மீன் கூடைக்குள் விழுந்தார்கள். மீன் ஏலம் கூறியவரே கூறலை விட்டுவிட்டுக் கைதட்டினார்.

அடுத்த கிளினிக்கில் கோபிகா கேட்டாள்: "எவ்வளவு சாப்பிட்டவ?"

"அளக்கேல்லை, மிஸ். கொஞ்சம் உள்ளை போனது. மிச்சம் என்ரை சட்டையிலை."

இரண்டு மாதத்தில் குழாயை எடுத்துவிட்டார்கள். ஒன்றரை வயதில் அனெற்றா நடந்தாள், நேரே அடுப்படிக்கு.