திருவொற்றியூர்ப் பாசியும் மல்லிகா அக்காவின் மாத்திரையும்

2007 பிப்ரவரியில் மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை திருவொற்றியூர் கடற்கரைக்குப் போனேன். ஆராய்ச்சி மாணவி நான். அலைத் தடுப்புப் பாறைகளில் படரும் பச்சைப் பாசியின் புரதத்தை நொதிகளால் துண்டு துண்டாக்கினால் பெப்டைடுகள் கிடைக்கும். சில பெப்டைடுகள் ரத்த அழுத்தத்தைக் குறைக்கக்கூடும். மருந்தாக்குவதற்கு முன் அவை உடம்புக்குக் கெடுதல் செய்யாதவையா என்று பார்க்க வேண்டும். ஜனவரியில் எடுத்துப்போன பாசியின் சாறு, ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்களில் பாதியைக் கொன்றுவிட்டது. குற்றம் பாசியிலா, அது வளர்ந்த தண்ணீரிலா என்று தெரியவில்லை. அதனால்தான் மறுபடி மாதிரி எடுக்கக் கிளம்பினேன்.

சென்ட்ரலில் காலை 6.50 கும்மிடிப்பூண்டி வண்டி, டிக்கெட் ஐந்து ரூபாய். 7.20க்கு விம்கோ நகர். அங்கிருந்து கடலுக்கு ஒன்றரை கிலோமீட்டர் நடை. லாரிப் புழுதி அதிகம், கைக்குட்டை அவசியம்.

பாறையருகே மல்லிகா அக்கா நின்றிருந்தார். மீன் விற்பவர். போன முறை வழுக்கும் பாறைகளில் என் கையைப் பிடித்து இறக்கிவிட்டவர். இன்று அவர் கூடையில் பாசி இருந்தது.

"இன்னாக்கா, பாசி எதுக்கு?"

"நீதானம்மா சொன்னே, பிரஷரு எறங்கும்னு. டெய்லி காத்தால கொதிக்க வச்சி குடிச்சிகினு கீறேன். மாத்திரய நிறுத்தி பத்து நாளாவுது."

நான் அப்படிச் சொன்னதென்னவோ நிஜம்தான். போன முறை, எதற்கு எடுக்கிறாய் என்று கேட்டார். பெருமையாகச் சொல்லிவிட்டு ரயிலேறிவிட்டேன்.

"அக்கா, இன்னும் சோதனை முடியல. இங்க எடுத்த பாசில ஏதோ கெட்டது இருக்கு. குடிக்காதீங்க."

"அப்போ இன்னாத்துக்கு சொன்னே?"

தப்பு என்னுடையது என்றேன். தலை கிறுகிறுக்கிறதா என்று கேட்டதற்கு, "ரெண்டு நாளா கீது," என்றார். ஷேர் ஆட்டோவில் அடுத்த தெரு டாக்டரிடம் அழைத்துப்போனேன். ரத்த அழுத்தம் 180க்கு 110. நடந்ததைக் கேட்ட டாக்டர் அவரைத் திட்டவில்லை, என்னைத்தான் திட்டினார். மாத்திரையைத் தன் எதிரிலேயே விழுங்க வைத்து, மூன்று நாள் கழித்து வரச் சொன்னார். அன்று நான் மாதிரி எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் அவரோடு மறுபடி போனேன். 150க்கு 96. வெளியே வந்ததும் ஒரு சிமெண்ட் சாக்கை என்னிடம் நீட்டினார். முக்கால் சாக்கு உலர்ந்த பாசி.

"நான் சொல்லி இன்னும் நாலு வூட்ல குடிச்சிகினு இருந்தாங்கோ. அல்லார்கிட்டயும் போயி வாங்கினு வந்துட்டேன். எட்த்துகினு போ. இன்னா கீதுன்னு பாத்துட்டு வந்து சொல்லு. நல்லதா இருந்தாலும் சொல்லு, கெட்டதா இருந்தாலும் சொல்லு."

அந்தப் பக்கம் மாதிரி எடுக்கப் போகிறவர்களுக்கு: கடல் உள்வாங்கும் நேரம் பார்த்துப் போங்கள். ரப்பர் செருப்பு பாறையில் வழுக்கும், கான்வாஸ் ஷூ நல்லது. தண்ணீர் பாட்டில் கையோடு இருக்கட்டும். பாசியை வாயில் வைக்காதீர்கள். எதற்கு எடுக்கிறீர்கள் என்று கட்டாயம் கேட்பார்கள். இன்னும் தெரியாது என்பதை முதலில் சொல்லிவிட்டு, மற்றதைப் பிறகு சொல்லுங்கள்.