துறவி அங்கி நிறத்து நுரை

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் டிராம் பணிமனைக்கு எதிரே இருந்த சவேரியோவின் காபிக் கடையில் எர்சிலியா ஆறு வருஷம் கோப்பை கழுவினாள். ஐம்பத்தாறாம் வருஷம் அங்கே புது இயந்திரம் வந்தது. நீளக் கைப்பிடியைக் கீழே இழுத்து விட்டால், உள்ளிருக்கும் சுருள்வில் வெந்நீரைக் காபித் தூளின் வழியே அழுத்தித் தள்ளும். காபியின் மேல் கெட்டியாக ஒரு நுரை படியும். க்ரேமா என்றார்கள்.

முதல் நாளே டிராம் ஓட்டி வின்சென்சோ முகம் சுளித்தான். "ஏம்மா, கோப்பையில சோப்பு போகலையா?"

கடையே சிரித்தது. எர்சிலியாவுக்குச் சுருக்கென்றது.

"சோப்புன்னா இதைத் தாங்குமா?" என்று ஒரு கரண்டி சர்க்கரையைப் போட்டாள். சர்க்கரை நுரைமேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு மெல்ல இறங்கியது. வின்சென்சோ குடித்தான். காலிக் கோப்பையை நீட்டி இன்னொன்று கேட்டான்.

இரண்டாம் வாரம் சவேரியோ அரவையில் கோட்டை விட்டார். தூள் பெருவெட்டாக இருந்ததால் வெந்நீர் தடையில்லாமல் ஓட, கைப்பிடி துள்ளியெழுந்து அவர் தாடையில் அறைந்தது. கட்டுப்போட்ட வாயோடு அவர் வீட்டில் கிடக்க, அந்தக் கைப்பிடியைத் தொட ஆண்பிள்ளை ஒருவன்கூட முன்வரவில்லை. எர்சிலியா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போய் நின்றாள்.

தோள் வீங்கியது; விடவில்லை. இரண்டு மாதத்தில் நுரையைப் பார்த்தே எல்லாம் சொல்வாள். வெளுத்தால் அரவை சரியில்லை. கறுத்து நடுவில் ஓட்டை விழுந்தால் காபி கருகிவிட்டது. கிறிஸ்தவத் துறவியின் அங்கிபோலப் பழுப்பாக நின்றால்தான் கோப்பை அவள் கையைவிட்டுப் போகும்.

சவேரியோ திரும்பி வந்த வாரம், புதுசாக வந்த காபிக்கொட்டை மூட்டையில் நுரை நிற்கவே இல்லை. அரவையை எப்படி மாற்றியும் பலிக்கவில்லை.

"முதலாளி, இது பழைய சரக்கு."

காபி வியாபாரி லியோபோல்டோ நேரிலேயே வந்துவிட்டார். "பொம்பளை கையில வலு இல்லேன்னா மூட்டை மேலயா பழி போடுறது?"

"போன மூட்டையில ரெண்டு பிடி மிச்சமிருக்கு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல இறக்கறேன். வேணும்னா கைப்பிடியை நீங்களே இழுங்க."

லியோபோல்டோ சவேரியோவின் தாடைத் தழும்பைப் பார்த்தார். "வேணாம், நீயே இழு."

டிராம் ஓட்டிகள் சூழ்ந்து நிற்க, அவள் இரண்டு கோப்பைகளை இறக்கினாள். மிச்சத் தூளின் நுரை கனத்து நின்றது. புதுசு வெளிறிப் பொங்கியது. வின்சென்சோ சத்தமாக எண்ணத் தொடங்கினான். இருபதுக்குள் நுரை கிழிந்து, கறுப்புக் காபி எட்டிப் பார்த்தது.

"எந்தக் கை வலுவில்லாத கை, ஐயா?" என்றான் வின்சென்சோ.

லியோபோல்டோ தொப்பியைக் கழற்றினார். "வறுத்து நாலு மாசம் ஆச்சு. தப்புதான்." மறுநாள் வேறு மூட்டை வந்தது. சவேரியோ கோப்பை கழுவ வேறு ஆளைத் தேடிக்கொண்டார்.

இருபத்தொன்பது வருஷம் அவள் அந்த இயந்திரத்தை ஆண்டாள். அவள் வலக்கை இடக்கையைவிடப் பருத்துப்போயிற்று. ஒருமுறை தையற்காரி மறந்துபோய் இரண்டு கைக்கும் ஒரே அளவில் சட்டை தைத்துவிட்டாள். எர்சிலியா கையை மடக்கிக் காட்டினாள்.

"இது தின்னு வந்த சதை இல்லம்மா. பிரிச்சுத் தை."