முப்பத்திநாலு இடுப்புக்காரர்

என் அக்கா வீட்டுக்காரருக்குக் கடைத்தெருவில் 'முப்பத்திநாலு' என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததில்லை, அவரே தம்பட்டம் அடித்துச் சம்பாதித்தது. கல்யாணத்தன்று போட்ட பேன்ட் முப்பத்திநாலு, மகள் காலேஜுக்குப் போகிற இன்றைக்கும் அதே முப்பத்திநாலு என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். விஷயம் என்னவென்றால், பெல்ட் வருஷத்துக்கு வருஷம் கீழே இறங்கி, இப்போது தொப்பைக்கு அடியில் எங்கேயோ ஒளிந்துகொண்டிருக்கிறது. பேன்ட் அளவு ஏறவில்லை என்றால் இடுப்பும் ஏறவில்லையாம். என்ன ஒரு கணக்கு!

இத்தனைக்கும் ரெடிமேட் கடையில் பேன்ட் விற்கிறவர். தொழிலில் கெட்டி, அதை மறுக்க முடியாது. ஆள் வாசலில் நுழையும்போதே இடுப்பளவைச் சொல்லிவிடுவார், டேப் வைத்துப் பார்த்தால் பிசகாது. அந்தக் கண், நிலைக்கண்ணாடி முன்னால் மட்டும் அவிந்துபோகும்.

போன மாதம் கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உடல் பரிசோதனை வைத்தார்கள். வந்த நர்ஸ் சட்டையைத் தூக்கச் சொல்லி, விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றினாள். இவர் மூச்சைப் பிடித்து வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். மூச்சை விடும்வரை அவளும் விடவில்லை. நாற்பத்தொன்று. வயிற்றுக்குள் சேருகிற கொழுப்பு சர்க்கரையிலும் இதயத்திலும் கொண்டுபோய் விடும் என்று சொல்லி, ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தாள்.

அவளுக்கு அளக்கவே தெரியவில்லை என்று வீட்டில் வந்து சிரித்தார் இந்த மகானுபாவர். இவருடைய சொந்த அண்ணன் சர்க்கரையைக் கவனிக்காமல் விட்டு ஒரு காலை இழந்து உட்கார்ந்திருக்கிறார். அதற்கப்புறமும் சிரிப்பு! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா கெஞ்சினாள், அழுதாள், பேசாமல் இருந்தும் பார்த்தாள். சீட்டு டிவிக்குப் பக்கத்தில் தூசி படிந்து கிடந்தது.

கடைசியில் அக்கா ஒரு வேலை செய்தாள். ஞாயிற்றுக்கிழமை வெறும் ஷார்ட்ஸோடு ஃப்ரிட்ஜைத் திறந்து, தலையை உள்ளே விட்டு எதையோ துழாவிக்கொண்டிருந்தவரைப் பக்கவாட்டில் படம் எடுத்து எனக்கு அனுப்பினாள்.

மறுநாள் கடைக்குப் போனேன். போனில் தொப்பையை மட்டும் பெரிதாக்கிக் காட்டி, எங்கள் ஆபீஸ்காரர் ஒருவருக்கு பேன்ட் எடுக்க வேண்டும், என்ன அளவு இருக்கும் என்று கேட்டேன்.

அவருக்கு ஒரு பார்வை போதும். “இடுப்பு நாப்பத்தொண்ணு மாப்ள. ஆனா ஆளு ஒத்துக்க மாட்டான், கீழ எறக்கிப் போட்டுக்கிட்டுத் திரிவான்,” என்றார். அதோடு விட்டாரா? தன் அண்ணனும் இப்படித்தான் இருந்தார் என்று உச்சுக்கொட்டிவிட்டு, “இவனெல்லாம் பொண்டாட்டி புள்ளைய நெனச்சே பாக்க மாட்டானா?” என்று கேட்டார்.

நான் படத்தைச் சுருக்கினேன். ஃப்ரிட்ஜ் தெரிந்தது. அதன் கதவில் அவர் மகள் சின்ன வயதில் ஒட்டிய மஞ்சள் வாத்து ஸ்டிக்கர் தெரிந்தது.

மனுஷன் முகம் செத்துப்போனது. மடித்து வைத்திருந்த பேன்ட்டையே எடுத்து மறுபடி மடித்தார். நன்றாக வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அளவு கேட்டு வந்த ஒருவரை அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

நான் கிளம்பும்போது வாசல்வரை வந்தார்.

“அந்த டெஸ்டுக்கு வெறும் வயித்தோடதான போகணும்? நாளைக்குக் காலைல நீயும் கூட வா மாப்ள.”