பெரட்டும் பரோட்டாவும்

நாற்பது வருடமாக கித்தாரும் கையுமாகப் பாடிக்கொண்டிருக்கிறேன். எல்லாம் சொந்தப் பாட்டு. கித்தார், டிரம், உறுமி மூன்றையும் சேர்த்துக்கொண்டு தேயிலைத் தோட்டத்துப் பேச்சிலேயே பாடுவோம். கம்போங் ராஜா கோயில் திருவிழாவோ, தானா ராத்தா ஹோட்டலோ, எங்கே கூப்பிட்டாலும் லோரியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போய்விடுவேன். எத்தனையோ பாட்டு கட்டியிருக்கிறேன். ஜனங்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அதையும் தப்பாகப் பாடித் தொலைக்கிறார்கள்.

'பெரட்டுக்கு அவளக் கூப்பிடாதே கிராணி' என்பதுதான் நான் எழுதிய வரி. தேயிலைத் தோட்டத்தில் விடிந்ததும் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பெயர். ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி கூப்பிட, வந்தவர்கள் குரல் கொடுக்க வேண்டும். அம்மா தானா ராத்தா ஆஸ்பத்திரியில் இறந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். சேதி எட்டாத கிராணி, மறுநாள் பெரட்டில் அம்மா பெயரையும் கூப்பிட்டுவிட்டார். பதில் சொல்ல ஆளில்லை. பிறகு லயத்து வீடுகளில் சொல்லக் கேட்டு அதைப் பாட்டாக்கினேன்.

இப்போது நம் பிள்ளைகளில் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் யார்? பெரட்டு என்ற சொல்லே அவர்கள் காதில் விழுந்ததில்லை. அதனால் அது 'பரோட்டாவுக்கு அவளக் கூப்பிடாதே' ஆகிவிட்டது. கல்யாண விருந்தில் பரோட்டா வரும் நேரம் பார்த்து இதைத்தான் பாடச் சொல்கிறார்கள். திருத்திச் சொல்லிச் சொல்லித் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். ஒரு மாப்பிள்ளை, "பரோட்டாதான் நல்லாருக்கு லா, அங்கிள்" என்று எனக்கே பாடம் எடுத்தான்.

போன மாதம் பிரிஞ்சாங்கில் ஒரு கல்யாணம். மண்டபமே பரோட்டா, பரோட்டா என்று கத்தியது. பாட்டைப் பாதியில் நிறுத்தினேன்.

"இது செத்துப்போன எங்கம்மா பாட்டு. தெரியாட்டி வாய மூடிக்கிட்டு கேளுங்க!"

ஆட்டம் நின்றது. முன்னால் ஆடிக்கொண்டிருந்தவர்களில் என் அக்காவும் நின்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இறங்கிப் போய் அவளைத் தனியே இழுத்தேன்.

"உனக்குமாக்கா தெரியாது? நீயும் சேந்து பரோட்டாங்கிற?"

அக்கா முந்தானையால் முகத்து வேர்வையைத் துடைத்தாள்.

"அன்னிக்கு ஆபீஸ்ல சேதி சொல்ல பெரட்டுக்குப் போனது நான்தான்டா. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள கிராணி அம்மா பேர கூப்பிட்டுட்டாரு."

"தெரியும். யாரும் பதில் சொல்லல. அதைத்தானே எழுதியிருக்கேன்?"

"நான் சொன்னேன்டா. அம்மாவுக்கு மேலுக்கு முடியலன்னா எப்பவும் நான்தானே சொல்லுவேன். அந்தப் பழக்கத்துல, 'நாளைக்கு வந்துரும் கிராணி'ன்னு சொல்லிட்டேன்."

இத்தனை வருடத்தில் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லையே என்று வெட்கமாக இருந்தது.

"நீ பெரட்டுன்னு பாடினா நான் சொன்னதே திரும்பக் காதுல விழுது. பரோட்டான்னா ஆடிட்டுப் போயிடலாம்" என்றாள்.

மேடையிலிருந்து கூப்பிட்டார்கள். போய்க் கித்தாரை எடுத்தேன். பரோட்டா என்றே பாடினேன். அக்கா ஆடினாள்.